அணைந்துபோகும் கம்ப்யூட்டரும் டேலி ஆகாத கணக்கும்

(நம் சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு இது: வீட்டு டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது, திரும்ப பட்டனை அமுக்கினால் உயிரே இல்லை, சர்வீஸ் ஆளைக் கூப்பிடும் முன் நாம் என்ன பார்க்கலாம்? அரை மணி நேரம் பேசுங்கள் என்றார். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த ஹாலில் நிஜமான இன்ஜினியர்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு என்னைப் பிடித்ததற்கு ஒரே காரணம், நம் சங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் ஏப்ரல் மாதம் படுத்திய பாட்டில் நான் நோட்டும் பேனாவுமாக நின்றதுதான். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு வங்கி விஷயம். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் லெட்ஜர் பாலன்ஸிங் என்று ஒரு வேலை உண்டு. தனித்தனிக் கணக்குகளின் இருப்பையெல்லாம் கூட்டினால் பொதுப் பேரேட்டில் உள்ள தொகை வர வேண்டும். வராது. உடனே முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தால் அன்று ராத்திரி வீட்டுக்குப் போக முடியாது. அனுபவசாலி முதலில் வித்தியாசத் தொகையைத்தான் பார்ப்பார். வித்தியாசம் 45 ரூபாயா? 9-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறது. அப்படியானால் 72 என்பதை யாரோ 27 என்று திருப்பி எழுதியிருக்கலாம். 500 ரூபாயா? அதில் பாதி, 250 ரூபாய்க்கு ஏதாவது பதிவு இருக்கிறதா என்று தேடுவார். பற்றில் போட வேண்டியதை வரவில் போட்டிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் வரும். தப்பு எந்த ரகம் என்று தொகையே சொல்லிவிடும். தேட வேண்டிய பக்கம் குறைந்துவிடும்.

அணைந்துபோகும் கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு வித்தியாசத் தொகை உண்டு. எப்போது அணைந்தது, அணைந்தபின் என்ன செய்தது என்பதுதான் அது. நாம் சர்வீஸ் ஆளிடம் சொல்வது என்ன? “ஆஃப் ஆயிடுச்சுப்பா.” ஒரே வரி. அந்த ஒரு வரிக்கு அவரும் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுகிறார்: “மதர்போர்டு போயிருக்கும் சார்.”

ஆகவே முதல் வேலை, எந்த ரகம் என்று பிரிப்பது. பட்டனை அமுக்கினால் விளக்கும் இல்லை, ஃபேனும் இல்லை, சத்தமும் இல்லை என்பது ஒரு ரகம். ஃபேன் ஒரு விநாடி சுற்றி நின்றுவிடுவது வேறு. பத்து, இருபது நிமிடம் நன்றாக ஓடி அணைந்து, கொஞ்ச நேரம் ஆறப் போட்டால் மறுபடி ஓடுவது இன்னொன்று. கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறும்போது, பிரின்ட் கொடுக்கும்போது என்று ஏதாவது ஒரு சம்பவத்தோடு சேர்ந்து அணைவது வேறொன்று. ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் அது அணைந்த கேஸே இல்லை; அது டிஸ்ப்ளே வராத கேஸ். இதைப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம். மானிட்டர் பட்டனை யாரோ அமுக்கியிருந்ததற்காக இருநூறு ரூபாய் விசிட்டிங் சார்ஜ் கொடுத்த வீடு நம் குடியிருப்பிலேயே உண்டு. பெயர் சொல்ல மாட்டேன்.

திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது என்றால், விண்டோஸில் ஈவென்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். சிஸ்டம் என்ற பகுதியில் ‘கெர்னல் பவர் 41’ என்று சிவப்புக் குறியோடு ஒரு பதிவு இருக்கும். முறையாக ஷட்-டவுன் ஆகாமல் அணைந்தது என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம். ஏன் என்று அதற்குத் தெரியாது. அடுத்த முறை எழுந்தபிறகு விண்டோஸ் போட்டுக்கொள்ளும் குறிப்பு அது. ஆனால் பக்கத்திலேயே தேதியும் நேரமும் இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். சில சர்வீஸ் பையன்கள் இந்த 41-ஐக் காட்டி, “பாருங்க சார், கெர்னல் போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணணும்” என்பார்கள். ஃபார்மேட் என்ற சொல் காதில் விழுந்தால் உடனே ‘வேண்டாம்’ என்று சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது உயிரே இல்லாத ரகம். இதைச் சுவரிலிருந்து ஆரம்பித்துப் பெட்டிக்குள் போக வேண்டும். பெட்டியைத் திறந்துகொண்டு ஆரம்பிக்கக் கூடாது. சுவர் பிளக்கில் ஒரு டேபிள் ஃபேனைச் செருகி ஓடுகிறதா பாருங்கள். செல்போன் சார்ஜரை வைத்துப் பார்க்காதீர்கள். லூஸ் கனெக்‌ஷனிலும் அது வேலை செய்துவிடும். பிறகு நடுவில் இருக்கும் யு.பி.எஸ்., ஜங்ஷன் பாக்ஸ், ஸ்பைக் பஸ்டர் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, கம்ப்யூட்டர் ஒயரை நேராகச் சுவரில் செருகுங்கள். இந்த ஒரு காரியத்தில் பல ‘மதர்போர்டுகள்’ குணமாகிவிடும்.

பெட்டியின் பின்பக்கம், ஒயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில், கோடும் வட்டமும் போட்ட ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். கோடு உள்ள பக்கம் அமுங்கியிருக்க வேண்டும். பெருக்கித் துடைக்கும்போது துடைப்பக்கட்டை பட்டு அது மாறியிருக்கும். அடுத்தது பவர் கார்டு. பெரும்பாலான வீடுகளில் மானிட்டருக்கும் பெட்டிக்கும் ஒரே மாதிரி கார்டுதான். மானிட்டர் எரிகிறது என்றால் அந்தக் கார்டை எடுத்துப் பெட்டிக்குப் போட்டுப் பாருங்கள். செலவு இல்லை.

யு.பி.எஸ். பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் 600 வி.ஏ. யு.பி.எஸ். அதற்குள் 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று. நம் ஊர் வெயிலில் அது இரண்டு மூன்று வருஷம் உழைத்தால் பெரிய விஷயம். பச்சை விளக்கு எரிவதால் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. கரண்ட் போய் நம் ஜெனரேட்டர் எடுக்கச் சில விநாடிகள் ஆகின்றன அல்லவா? அந்தச் சில விநாடிகளைக் கூடத் தாங்க முடியாத பேட்டரிகள் இந்தக் குடியிருப்பில் நிறைய இருக்கின்றன. சோதிப்பது சுலபம். கம்ப்யூட்டரை ஷட்-டவுன் செய்துவிட்டு, யு.பி.எஸ்.ஸில் ஒரு டேபிள் லாம்ப்பை மாட்டி, யு.பி.எஸ்.ஸுக்கு வரும் கரண்டை நிறுத்துங்கள். லாம்ப் உடனே அணைந்தால் போயிருப்பது பேட்டரி. இன்னொன்று, பேட்டரி முழுக்கச் செத்துவிட்டால் சில யு.பி.எஸ். சுவரில் கரண்ட் இருந்தாலும் ஆன் ஆகாது. வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

நேராகச் சுவரில் செருகியும் உயிர் இல்லை என்றால், சந்தேகப்பட வேண்டியது எஸ்.எம்.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் இன்னொரு சின்ன இரும்புப் பெட்டி அது. சுவரில் வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கும். வங்கியில் கேஷ் கவுன்டர் போல. பட்டனை அமுக்காதபோதும் அது 5 வோல்ட்டை மட்டும் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால்தான் பல மதர்போர்டுகளில், கம்ப்யூட்டர் ஆஃப் ஆகியிருந்தாலும் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. அந்த விளக்கு உள்ள போர்டில் அது எரிந்தால், சுவர், ஒயர், சுவிட்ச் மூன்றும் சரி. எரியவில்லை என்றால் எஸ்.எம்.பி.எஸ். பக்கம் போகலாம்.

அதைக் கழற்றும் முன் ஒன்று. பிளக்கைச் சுவரிலிருந்து உருவிவிட்டு, பவர் பட்டனை பதினைந்து இருபது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். பிறகு ஐந்து பத்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு மறுபடி செருகிப் பாருங்கள். வோல்ட்டேஜ் ஏறி இறங்கும்போது எஸ்.எம்.பி.எஸ். சில சமயம் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். கரண்டை முழுக்க எடுத்தால்தான் பூட்டு விலகும். இடி மின்னல் மழைக்கு மறுநாள் ‘செத்துப்போன’ கம்ப்யூட்டரில் இதைக் கட்டாயம் செய்து பார்க்க வேண்டும்.

சர்வீஸ் ஆட்கள் எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெளியே எடுத்து, 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் பேப்பர் கிளிப்பால் இணைப்பார்கள். ஃபேன் சுற்றினால் எஸ்.எம்.பி.எஸ். நல்லது என்பார்கள். பாதிதான் உண்மை. சுற்றாவிட்டால் அநேகமாகப் போய்விட்டது. சுற்றினால் மட்டும் நல்லது என்று ஆகிவிடாது. வேலை கொடுக்கும்போது வோல்ட்டேஜ் விழலாம். மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் கம்ப்யூட்டர் ஓடும்போது மஞ்சள் ஒயரில் பார்க்கலாம்: 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில் இருக்க வேண்டும். இப்போது வரும் சில எஸ்.எம்.பி.எஸ்.களில் எல்லா ஒயரும் கறுப்பாகவே இருக்கின்றன. அதில் நிறத்தை நம்பி கிளிப் போடக் கூடாது. நம்மைப் போன்றவர்களுக்கு நல்ல வழி, வேலை செய்யும் இன்னொரு எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டிப் பார்ப்பதுதான்.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்கிறேன். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்கவே திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கை உருவியபிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். ஓய்வு பெற்றவர்கள் கையில் திருப்புளி கிடைத்தால் நடக்கும் விபரீதங்கள் எல்லார் வீட்டிலும் தெரியும். சி.பி.யு. பெட்டியின் பக்கக் கதவைத் திறக்கலாம், பிளக்கை உருவிவிட்டு. அதற்குள் இருக்கும் அந்த இரும்புப் பெட்டியைத் திறக்கக் கூடாது.

பல்லியைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சு முழுமையாகாது. எஸ்.எம்.பி.எஸ். எப்போதும் லேசாகச் சூடாக இருக்கும், பின்னால் ஓட்டைகள் இருக்கும். மழைக்காலத்தில் பல்லிக்கு இதைவிட நல்ல ஃப்ளாட் கிடைக்காது. டி பிளாக்கில் ஒரு அம்மாவின் கம்ப்யூட்டர் அப்படித்தான் ஒரு நாள் ‘டப்’ என்ற சத்தத்தோடு அணைந்தது. லேசாகக் கருகல் வாசனை. அதன்பின் எழவே இல்லை. அந்தக் கதையின் மிச்சத்தை ஹார்டு டிஸ்க் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஃபேன் ஒரு விநாடி சுற்றி நிற்கும் ரகத்துக்கு வருவோம். எங்கோ ஷார்ட் இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். உடனே கையை எடுத்துவிடும். முதலில் வெளியே செருகியிருக்கும் பென் டிரைவ், பிரின்டர், கேமரா, ஸ்பீக்கர் எல்லாவற்றையும் உருவுங்கள். யு.எஸ்.பி. ஓட்டைகளை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே வளைந்த ஒரு பின் மற்றதைத் தொட்டுக்கொண்டிருந்தால் முழு கம்ப்யூட்டரும் எழ மறுக்கலாம். பேரப்பிள்ளைகள் வந்துபோன வீடுகளில் இது விசேஷம். ஆன் ஆகி, சரியாக நாலைந்து விநாடியில் அணைகிறது என்றால் அந்த நேரமே ஒரு தடயம். பவர் பட்டனை நாலு விநாடி அமுக்கிப் பிடித்தால் கம்ப்யூட்டர் கட்டாயமாக அணையும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். பட்டன் உள்ளே சிக்கிக்கொண்டிருக்கிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை யாரோ அதை அமுக்கிக்கொண்டே இருக்கிறார்கள். சிக்கின பட்டனை விடுவித்தால் முடிந்தது.

ரேம் பற்றி ஒரு நிமிடம். கடற்கரை ஊரில் ரேமின் தங்கப் பூச்சு முனைகளில் படலம் படியும். கழற்றி, பென்சில் அழிக்கும் ரப்பரால் லேசாகத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை மாட்டுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் வைத்தியம். பல சமயம் பலிக்கும். ஆனால் அது திரை வராத கேஸுக்கும் பீப் சத்தம் வரும் கேஸுக்கும் வைத்தியம். உயிரே இல்லாத பெட்டிக்கு ரேமைத் தேய்த்துப் பயனில்லை.

நன்றாக ஓடி, பத்து இருபது நிமிடத்தில் அணையும் ரகம்தான் நம் வீடுகளில் அதிகம். காரணம் சூடு. பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் மேலே போனால், எரிந்துபோகாமல் இருக்கத் தானே அணைந்துவிடும். அதாவது அது செய்வது தற்காப்பு. நாம்தான் பழுது என்கிறோம். சூடு ஏன் ஏறுகிறது? பிராசஸர் மேல் ஒரு அலுமினிய ஹீட் சிங்க்கும் ஃபேனும் உட்கார்ந்திருக்கும். இன்டெல் பிராசஸரோடு வரும் ஃபேனுக்குப் பல வருஷமாக நாலு பிளாஸ்டிக் கால்கள்தான். அதில் ஒன்று மதர்போர்டிலிருந்து எழும்பிவிட்டால் போதும், ஹீட் சிங்க் சாய்ந்து நிற்கும். ஃபேன் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத் தெரியும். நாலு காலையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டு ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். பிராசஸருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் தடவியிருக்கும் தெர்மல் பேஸ்ட் சில வருஷத்தில் விபூதி மாதிரி காய்ந்துவிடும். இடுக்குகளில் தூசி கம்பளி போலப் படிந்திருக்கும்.

சூடுதானா என்று உறுதி செய்துகொள்ள, ஆன் செய்தவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். அதில் பிராசஸர் சூட்டைக் காட்டும் இடம் இருக்கும். அங்கேயே விட்டுவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வந்து பாருங்கள். ஒரு வேலையும் இல்லாமல் 80, 90 என்று ஏறிக்கொண்டே போனால் வேறு எதையும் தேட வேண்டாம்.

இதற்கு முக்கியமான உடந்தை நம் வீட்டு அலங்காரம். கம்ப்யூட்டர் டேபிளில் பெட்டிக்கென்று மூன்று பக்கம் அடைத்த ஒரு அறை. அதற்குள் பெட்டி, அதன் மேல் பூப்போட்ட துணி உறை. சூடு எங்கே போகும்? வெளியே எடுத்து வையுங்கள், சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி. தூசியை ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்ற விட்டால் பேரிங் கெட்டுவிடும்.

இனி ஆபீஸ் கதை. ஏப்ரல் மாதம், ஆண்டுக் கணக்கை முடிக்கும் நேரம். நம் எல்லார் வீட்டு மெயின்டனன்ஸ் கணக்கும், கார்பஸ் ஃபண்ட் கணக்கும், லிஃப்ட் ஏ.எம்.சி. கடிதங்களும் அந்த ஒரு பெட்டிக்குள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை பட்டென்று அணைய ஆரம்பித்தது. வந்து பார்த்த சர்வீஸ் ஆள் “போர்டு வீக்” என்றார். ஐந்தாம் நாள் சுத்தமாக எழவில்லை. அவரே மறுபடி வந்து, பட்டனை அமுக்கிப் பார்த்து, “சொன்னேனே சார், போர்டு போச்சு” என்று புது சிஸ்டத்துக்கு 38,000 ரூபாய் கொட்டேஷன் கொடுத்தார். கமிட்டியில் தீர்மானம் எழுதவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

முதல் நாளிலிருந்தே ஆபீஸ் மேனேஜரிடம் ஒரு நோட்டு கொடுத்து, அணையும்போதெல்லாம் மணியையும், அந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதையும் எழுதச் சொல்லியிருந்தேன். அவருக்கு அது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் ஒழுங்காக எழுதியிருந்தார். பதினொரு பதிவுகள். அதில் நாலு பதிவில் ஒரே வாசகம்: ‘ரசீது பிரின்ட் கொடுத்தேன்’. மற்ற ஏழும் மதியம் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், பிரின்ட் எதுவும் கொடுக்காதபோது. காலை நேரத்தில், பிரின்ட் கொடுக்காமல், ஒரு முறை கூட அணையவில்லை.

ஒரே வித்தியாசத் தொகையில் இரண்டு தப்பு ஒளிந்திருந்தால் 9-ஆல் வகுக்கும் வித்தை பலிக்காது. 45-ம் 100-ம் சேர்ந்து 145 என்று நிற்கும். இங்கேயும் அதுதான். எல்லாரும் ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள், இருந்தது இரண்டு.

மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தால், பிரின்டரும் யு.பி.எஸ்.ஸிலேயே செருகியிருந்தது. அது லேசர் பிரின்டர். காகிதத்தில் மையை உருக்கி ஒட்ட உள்ளே ஒரு ஹீட்டர் இருக்கிறது. அது சூடேறும் அந்தக் கணத்தில் பல நூறு வாட் இழுக்கும். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ். தரக்கூடியது சுமார் 360 வாட்தான். தாங்க முடியாமல் அது கையை விரிக்க, கம்ப்யூட்டரும் சேர்ந்து அணைந்திருக்கிறது. லேசர் பிரின்டரை யு.பி.எஸ்.ஸில் செருக வேண்டாம் என்று பிரின்டரோடு வரும் புத்தகத்திலேயே எழுதியிருப்பார்கள். அந்தப் புத்தகத்தை நாம் பிளாஸ்டிக் உறையோடு பத்திரமாக வைத்திருப்போம். ஐந்தாம் நாள் நடந்தது, யு.பி.எஸ்.ஸின் பின்னால் இருந்த கண்ணாடி ஃப்யூஸ் போனது. கம்ப்யூட்டர் ஒயரை நேராகச் சுவரில் செருகியதும் ஓட ஆரம்பித்தது. சர்வீஸ் ஆள் இரண்டு முறையும் அதே செத்த யு.பி.எஸ்.ஸில் செருகியபடியேதான் பார்த்திருக்கிறார்.

பிரின்டருக்குத் தனி பிளக் கொடுத்து, ஃப்யூஸும் மாற்றினோம். இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் மூன்றரை மணிக்கு மறுபடி அணைந்தது. “பாத்தீங்களா, போர்டுதான்” என்று கமிட்டியில் ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். ஆனால் நோட்டில் ‘பிரின்ட்’ வகைப் பதிவு அதன்பின் ஒன்று கூட வரவில்லை. முதல் தப்பு தீர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது மதிய நேரத்துத் தப்பு. ஆபீஸ் மேற்குப் பார்த்த அறை, ஏ.சி. கிடையாது. பெட்டியைத் திறந்தால், ஹீட் சிங்க்கின் ஒரு கால் மேலே எழும்பி நின்றது. தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்தது. காலை அமுக்கிப் பூட்டி, புது பேஸ்ட் தடவி, தூசியை எடுத்தோம். மொத்தச் செலவு முந்நூறு ரூபாய்க்குள். அதே பெட்டியில்தான் ஆடிட் முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்தோம், செய்ததை எழுதினோம். பிரின்டர், பேஸ்ட் இரண்டையும் ஒரே நாளில் செய்திருந்தால் எது எதைத் தீர்த்தது என்றே தெரிந்திருக்காது.

இப்போது ஹார்டு டிஸ்க். எனக்கு இதுதான் முக்கியம். எஸ்.எம்.பி.எஸ். போனாலும், மதர்போர்டே போனாலும், ஹார்டு டிஸ்க்கில் இருப்பது பொதுவாக அப்படியேதான் இருக்கும். அது தனி உறுப்பு. நாலு ஸ்க்ரூ, இரண்டு ஒயர், அவ்வளவுதான். டி பிளாக் அம்மாவின் பெட்டியில் அவருடைய மறைந்த கணவர் பல வருஷம் உட்கார்ந்து ஸ்கேன் செய்த குடும்பப் படங்கள் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. கடைக்காரர், “போர்டோட எல்லாம் போச்சும்மா, பழசை எக்ஸ்சேஞ்சுல போட்டுட்டுப் புதுசு எடுத்துக்குங்க” என்று சொல்லிவிட்டார். அந்த அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. போயிருந்தது எஸ்.எம்.பி.எஸ். மட்டும். அதற்குள்தான் பல்லி. புது எஸ்.எம்.பி.எஸ். மாட்டியதும் விண்டோஸ் வந்தது, படங்களும் வந்தன. அன்றே இரண்டு இடத்தில் பிரதி எடுத்தோம். எக்ஸ்சேஞ்சில் கொடுத்திருந்தால் அந்த டிஸ்க் யார் கைக்கு எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

எனவே பெட்டியைக் கடைக்கு அனுப்பும் முன் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அணைந்துபோகும் பழுதைப் பார்க்க அது தேவையே இல்லை. டிஸ்க் இல்லாமலும் கம்ப்யூட்டர் ஆன் ஆகி பயாஸ் வரை வர வேண்டும். டிஸ்க்கோடுதான் கொடுக்க வேண்டும் என்றால், அதன் மேல் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பரையும் ரேமையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். வங்கியில் நகையை எடை போடாமலா அடகுக்கு வாங்குவோம்?

டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் படிக்க யு.எஸ்.பி. அடாப்டர் கடைகளில் கிடைக்கும். டெஸ்க்டாப்பில் இருக்கும் பெரிய டிஸ்க்குக்கு, அதாவது 3.5 அங்குல டிஸ்க்குக்கு, தனியாகக் கரண்ட் கொடுக்கும் அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். சின்ன டிஸ்க்குக்கு அது தேவையில்லை. புதிய கம்ப்யூட்டர்களில் ஒரு சிக்கல். விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கலாம், பிட்லாக்கர் என்று பெயர். வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பயன்படுத்துபவர்களுக்கு அது அந்தக் கணக்கிலேயே இருக்க வாய்ப்பு உண்டு. கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி, எஃப்.டி. ரசீதோடு வையுங்கள்.

நன்றாகப் பார்த்தும் தீராமல், மதர்போர்டில் கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றால், அப்போது சர்வீஸ் ஆள் சொல்வது சரி. பத்துப் பன்னிரண்டு வருஷப் பெட்டிக்குப் புது போர்டு தேடி அலைவது எனக்குச் சரியாகப் படவில்லை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பெட்டியை அனுப்பிவிடலாம். விண்டோஸ் 10-க்கு வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்ததால்தான் கம்ப்யூட்டர் அணைகிறது என்று ஒரு வீட்டில் யாரோ சொல்லிவிட்டுப் போனார்களாம். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

பேச்சு முடிந்தபின் இரண்டு கேள்விகள் வந்தன, அவற்றையும் எழுதிவிடுகிறேன். தேதியும் மணியும் ஒவ்வொரு முறையும் பழசாகிவிடுகிறதே, அதுதான் காரணமா என்று பி பிளாக்கில் ஒருவர் கேட்டார். அது மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி, சி.ஆர். 2032, 3 வோல்ட். மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் சில போர்டுகள் கிளம்ப முரண்டு பிடிக்கும், ஆனால் ஓடும்போது பட்டென்று அணைவதற்கு அது பொதுவாகக் காரணமாகாது. லேப்டாப்புக்கும் இதே வழியா என்று இன்னொருவர் கேட்டார். சார்ஜர், சூடு, பட்டனை அமுக்கிப் பிடிப்பது வரை இதே வழிதான். அதற்கு மேல் அதைத் திறக்காதீர்கள்.

சோதித்துப் பார்ப்பதற்காக நல்ல நிலையில் உள்ள எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, பவர் கார்டு ஒன்று, டிஸ்க் படிக்கும் யு.எஸ்.பி. அடாப்டர் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று, ஆக நாலு பொருள்களைச் சங்க ஆபீஸ் அலமாரியில் வைத்திருக்கிறோம். காலை பத்து முதல் ஒரு மணி வரை, ஃப்ளாட் நம்பரைப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போகலாம். இரண்டு நாளில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாட்டத் தயக்கமாக இருப்பவர்கள் அதே பதிவேட்டில் குறித்து வைத்தால், சனிக்கிழமை மாலையில் நான் வந்து பார்க்கிறேன். வரும்போது நான் முதலில் கேட்கப்போவது, எத்தனை மணிக்கு அணைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்றுதான். எழுதி வைத்திருங்கள்.